பெல்ஜியத்தின் அன்றாட ஏல்: கிராம்பு வாசம் எங்கிருந்து வருகிறது?

நெடுவழியன்:
வணக்கம். பெல்ஜிய ஏல் (சற்றுக் கூடிய வெப்பத்தில் நொதிக்கவைக்கும் பியர் வகை) என்றதும் 8, 9 விழுக்காடு ஆல்கஹால் கொண்ட டூவெல், வெஸ்ட்மாலே ட்ரிப்பல் போன்றவையே என் நினைவுக்கு வருகின்றன. வேலை முடிந்து மாலையில் ஒரு கோப்பைக்காக உட்காரும் அந்நாட்டவர் நாள்தோறும் இவற்றையா குடிக்கிறார்? சென்ற மாதம் பிரஸ்ஸல்ஸில் குடித்த பொன்னிற ஏல் ஒன்றில் கிராம்பு வாசம் தூக்கலாக இருந்தது. மசாலா ஏதும் சேர்க்கிறார்களா என்று கேட்டேன். பரிமாறியவர் இல்லையென்று தலையசைத்துவிட்டார்.

ஆன்ட்வெர்ப்வாசி:
நண்பருக்கு, பெல்ஜியத்தில் மிகுதியாக விற்பது ஏலே அன்று. ஜூப்பிலர் போன்ற லாகர்தான், அதாவது குளிர்ச்சியில் நொதிக்கவைக்கும் பியர். ஏல் அருந்துவோருக்கும் 5 விழுக்காட்டை ஒட்டிய வகைகள் உண்டு. எங்கள் ஊரில் 'பொலெகே' என்று மட்டும் சொன்னால் போதும், உருண்டை வயிறும் குட்டைக் காலும் கொண்ட கோப்பையில் செம்பு நிற டெ கோனிங்க் ஏல் வந்துவிடும். 5.2 விழுக்காடுதான், வறுத்த ரொட்டியின் சாயலுள்ள மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்) சுவை, அடங்கிய கசப்பு. இறக்குமதியான ஆங்கில ஏல்களோடும் லாகர்களோடும் போட்டியிட ஓர் உள்நாட்டுப் பியர் வேண்டும் என்று 1904-இல் நடத்தப்பட்ட போட்டியில் பிறந்த 'ஸ்பெசியால் பெல்ஜ்' வகையைச் சேர்ந்தது இது. வெளிநாட்டுப் பட்டியல்களில் இதற்கு ஏன் இடமில்லை என்பது எனக்கு நெடுநாள் மனக்குறை.

நொதிக்கலன்:
பரிமாறியவர் சொன்னது சரியே. அந்த வாசம் பெரும்பாலும் ஈஸ்ட்டின் வேலை. மால்ட்டிலுள்ள ஃபெருலிக் அமிலத்தைச் சில ஈஸ்ட் வகைகள் பீனால் வகையைச் சேர்ந்த, கிராம்பு மணமுள்ள ஒரு வேதிப்பொருளாக மாற்றுகின்றன; அது கிராம்பிலேயே உள்ள யூஜினாலுக்கு நெருங்கிய உறவு. ஒரே மால்ட் கரைசலை இரண்டு கலன்களில் பிரித்து, ஒன்றில் ஆங்கில ஈஸ்ட்டையும் மற்றொன்றில் பெல்ஜிய ஈஸ்ட்டையும் இட்டுப் பார்த்தேன். இரண்டும் ஒரே பானையில் காய்ச்சியவை என்றால் வீட்டில் யாரும் நம்பவில்லை. வெப்பம் கூடினால் பழ மணமும் ஏறும். ஒரு கோடையில் நான் கவனிக்காமல் விட்டதால் 20 லிட்டரும் வாழைப்பழ எசன்ஸ் ஊற்றியதுபோல் ஆகிவிட்டது.

மசாலா சேர்ப்பதும் உண்டு. கோதுமையால் ஆன வெள்ளைப் பியரான விட் வகையில் கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் இடுவார்கள். அழிந்துபோயிருந்த அவ்வகையை 1966-இல் ஹூகார்டன் ஊரில் மீட்டவர் பியெர் செலிஸ்.

ஆன்ட்வெர்ப்வாசி:
ஒன்றைச் சேர்க்க விட்டுவிட்டேன். வலிமையான ஏல்கள் பெருகியதற்கு 1919-ஆம் ஆண்டுச் சட்டமும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது: மதுக்கடைகளில் ஜெனீவர் போன்ற வடிசாராயங்களைக் குடிக்கக் கொடுப்பதை அது தடுத்ததால், அந்த இடத்தை நிரப்ப அழுத்தமான பியருக்குத் தேவை எழுந்தது. ட்ரிப்பல் வடிக்கும் அதே வெஸ்ட்மாலே மடத்தில், துறவியர் உணவோடு அருந்துவதற்கென்று 'எக்ஸ்ட்ரா' என்ற 4.8 விழுக்காட்டுப் பியரும் உண்டு.

நெடுவழியன்:
இருவருக்கும் நன்றி. புட்டியின் அடியில் தங்கும் வண்டலைக் கோப்பையில் ஊற்றலாமா?

நொதிக்கலன்:
விட் என்றால் கடைசி இரண்டு விரற்கடையைச் சுழற்றிக் கலக்கி ஊற்றுங்கள். மற்றவற்றில் புட்டியிலேயே விட்டுவிடுவது என் வழக்கம்.