கயிறு இழுத்துச் சுருட்டும் வெயில் திரை: பைப் உருளாமல் வெறுமனே மேலே ஏறுகிறது, என்ன செய்ய?

மேற்குவெயில்:

வராண்டாவின் மேற்குப் பக்கத் திறப்பு 6 அடி அகலம், 7 அடி உயரம். மேலே 2×1 அங்குல ரீப்பரில் (மரச்சட்டத்தில்) 75 சதவீத நிழல்வலை, கீழே 1 அங்குல பிவிசி பைப். பைப்பின் இரண்டு முனையிலும் நைலான் கயிறு கட்டி, மேலே வளையக் கொக்கி வழியாக இழுத்தால் பைப் ஏறுகிறது, ஆனால் உருளவில்லை. வலை கொசுவம் கொசுவமாக மடிந்து தொங்குகிறது. ஸ்பிரிங், மோட்டார் எதுவும் வேண்டாம், கயிற்றிலேயே சுருள வேண்டும். கயிறு எந்த வழியாகப் போகணும்? எத்தனை அடி பிடிக்கும்?

கப்பிக்காரர்:

கயிற்றைப் பைப்பில் கட்டியதுதான் கோளாறு. கயிறு பைப்பைத் தொட்டில் மாதிரி அடியில் ஏந்த வேண்டும், எங்கேயும் கட்டக் கூடாது.

ஒரு முனையை ரீப்பரின் வெளிப்பக்கம் கட்டுங்கள். அங்கிருந்து கயிறு வலைக்குப் பின்னால் இறங்கி, பைப்புக்கு அடியில் வளைந்து, வலைக்கு முன்னால் ஏறி, ரீப்பரின் உள்பக்கம் உள்ள கப்பியில் நுழைய வேண்டும். பிறகு பக்கவாட்டில் ஓடி, ஓரத்தில் உள்ள இரட்டைக் கப்பி வழியாகக் கைக்கு இறங்கும். இழுக்கும்போது பின்கயிறு அசையாது, முன்கயிறு மட்டும் ஏறும். அந்த வித்தியாசம்தான் பைப்பை உருட்டுகிறது. இதே மாதிரி இரண்டு கயிறு, முனையிலிருந்து 15 அங்குலம் உள்ளே தள்ளி ஒவ்வொன்று. முனையிலேயே வைத்தால் பைப் நடுவில் தொய்யும்.

சுருள் எப்போதும் முன்கயிறு இருக்கும் பக்கம்தான் உருவாகும். அதனால் முன்கயிறு வீட்டுக்குள் பார்த்த பக்கம் இருக்கட்டும். வெளிப்பக்கம் சுருண்டால் சுருளுக்கும் வலைக்கும் நடுவில் உள்ள பள்ளத்தில் மழைத்தண்ணீரும் சருகும் சேரும். வலையும் அதற்கேற்றபடி பைப்பின் பின்புறமாக இறங்கி, அடியில் சுற்றி, முன்புறம் ஏறி ஒட்ட வேண்டும். மாற்றி ஒட்டினால் முதல் சுற்று அவிழ்ந்து, பிறகு எதிர்த்திசையில் சுருளும், ஒட்டிய இடத்தில் மடிப்பு விழும்.

நீளக் கணக்கு: இரட்டைக் கப்பிக்குத் தூரத்தில் உள்ள கயிறு பின்னால் 7, முன்னால் 7, பக்கவாட்டில் 5, கயிற்றைச் சுற்றிக் கட்டும் கொக்கி வரை 2, கட்ட 2, ஆக 23 அடி. கிட்டத்துக் கயிறு 7+7, பக்கவாட்டில் ஒன்றேகால், முடிச்சுக்கு முக்கால், ஆக 16 அடி. 45 அடி வாங்கினால் தாராளம். கிட்டத்துக் கயிறு ஏன் அவ்வளவு குட்டை என்றால், திரை முழுக்க இறங்கி மட்டமாக நிற்கும்போது இரண்டு கயிற்றையும் இரட்டைக் கப்பிக்குச் சற்றுக் கீழே ஒரே முடிச்சாகப் போட்டுவிட வேண்டும். அதற்குக் கீழே ஒற்றைக் கயிறு போதும். இரண்டு கயிறும் சமமாக ஏறும். முடிச்சு கப்பியில் தட்டி நிற்பதால் திரை அளவுக்கு மீறி இறங்கவும் இறங்காது. அந்தத் தடை இல்லையென்றால் கயிறு தளர்ந்து பைப்பின் அடியிலிருந்து நழுவும்.

7 அடி ஏற ஏறக்குறைய 14 அடி இழுக்க வேண்டும். பதிலுக்குப் பாரம் பாதிதான்: திரை 3 கிலோ என்றால் கைக்கு ஒன்றரைக் கிலோ, கூடவே உராய்வு. வளையக் கொக்கியில் உராய்வு அதிகம், கயிறும் தேயும், கப்பியே போடுங்கள். நைலான் இழுபடும், நனைந்தால் இன்னும் மோசம். 4 மி.மீ. பாலியெஸ்டர் பின்னல் கயிறு நல்லது. பிளாஸ்டிக் மஞ்சள் கயிறு வெயிலில் பொடிப்பொடியாக உதிரும்.

மூலைமட்டம்:

மேலே சொன்னது சரி. ஆனால் வலை கோணலாக வெட்டியிருந்தால் கயிறு எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் சுருள் ஒரு பக்கமாக நகர்ந்துகொண்டே போகும். மேலும் கீழும் சுற்ற ஒரு அடி சேர்த்து 6×8 அடியாக வெட்டுங்கள். அந்த அளவுக்கு இரண்டு மூலைவிட்டமும் சரியாக 10 அடி வர வேண்டும். கால் அங்குல வித்தியாசத்துக்கு மேல் விடாதீர்கள்.

பைப்பில் நேர்கோடு போட, அதைத் தரையில் ஒரு எல் ஆங்கிளோடு ஒட்டி வைத்து, ஆங்கிளின் விளிம்பை ஒட்டிப் பென்சில் ஓட்டலாம். அந்தக் கோட்டில் வலையை வைத்து, வாஷரோடு சிறிய ஸ்க்ரூ 8 அங்குலத்துக்கு ஒன்று. உறை மாதிரித் தைத்துப் பைப்பைச் சொருகுவது வேண்டாம், பைப் உறைக்குள் தனியாகச் சுழலும், வலை இறுகாது.

1 அங்குல பிவிசி 6 அடிக்கு மெல்லியது, வெயில் சூட்டில் இளகி வளையும். ஒன்றேகால் அங்குலம் போடுங்கள், அல்லது அலுமினியக் குழாய். பின்னல் வகை நிழல்வலை வெட்டினாலும் பிரியாது, ஓரம் மடித்துத் தைக்க வேண்டாம். தைத்தால் ஓரம் மட்டும் தடித்து, நடுவில் சுருள் தளரும். நெய்த வகை நூல் நூலாகப் பிரியும், அதற்கு மட்டும் ஓரத்தைச் சூட்டில் உருக்கி விடுங்கள்.

காற்றுவாக்கு:

பைப்புக்குள் எடை வேண்டும், இல்லையென்றால் காற்றில் அடித்துக்கொண்டே இருக்கும். பலர் மணல் நிரப்பச் சொல்வார்கள். எனக்கு அது பிடிக்காது: மூடி கசிந்தால் ஈரம் ஏறும், மணல் ஒரு முனைக்கு ஓடி திரை சாயும். 10 மி.மீ. கம்பியைச் சொருகுங்கள். விட்டத்தின் வர்க்கத்தை 162-ஆல் வகுத்தால் மீட்டருக்கு 0.617 கிலோ, 6 அடிக்கு சுமார் 1.1 கிலோ. கம்பிக்கு மூன்று நான்கு இடத்தில் பழைய துணி சுற்றிச் சொருகினால் கடகடவென்று சத்தம் வராது.

இறக்கியபின் கீழ் முனைகளை எலாஸ்டிக் கயிற்றால் கட்டுங்கள், கெட்டியாக அல்ல. கெட்டியாகக் கட்டினால் பலத்த காற்றில் விசை முழுதும் ரீப்பருக்குப் போய், மேல் ஸ்க்ரூ சுவரோடு பிடுங்கும். புயல் சின்னம் என்றால் சுருட்டி வைப்பதுதான் வழி.

மேற்குவெயில்:

கயிற்றுப் பாதையை மாற்றியதும் சுருள்கிறது, நன்றி. கடைசி ஒரு அடி மட்டும் இறுக்கமாக இருக்கிறது, இடது பக்கம் அரை அங்குலம் உயர்ந்தும் நிற்கிறது.

கப்பிக்காரர்:

இறுக்கம்: சுருளின் விட்டம் முழுதாக ஏறும்போது 2 அங்குலத்தைத் தாண்டும். முன்கப்பி ரீப்பரை ஒட்டியே இருந்தால் கயிறு அங்கே சுருளை ரீப்பரோடு அழுத்தும். கப்பிக்குப் பின்னால் கட்டை வைத்து வலையிலிருந்து இரண்டரை அங்குலம் முன்னால் கொண்டுவாருங்கள்.

உயரம்: முதலில் ரசமட்டம் வைத்து ரீப்பரைப் பாருங்கள். அது சரியென்றால், பின்கட்டும் முன்கப்பியும் நேருக்கு நேர் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு அங்குலம் விலகினாலும் கயிறு சாய்ந்து, சுருளை ஓரமாகத் தள்ளும். இரண்டும் சரியென்றால் திரையை முழுக்க இறக்கி, முடிச்சை அவிழ்த்து, இடது கயிற்றை ஒரு அங்குலம் தளர்த்தி மறுபடி முடியுங்கள். அடியில் ஏந்துவதால் அரை அங்குல உயரத்துக்கு ஒரு அங்குலக் கயிறு.

சுற்றும் கொக்கி தரையிலிருந்து 5 அடிக்குக் கீழே வேண்டாம். திரை ஏறியபின் மிஞ்சும் பதினான்கு அடியையும் அதிலேயே எட்டுப்போல் சுற்றிவிடுங்கள். தொங்கும் கயிறு குழந்தை கழுத்துக்கு ஆபத்து.