டி-ரெக்ஸ் வாயை மூடினால் பல் தெரியுமா?

களிமண்:
நேற்று இறகு பற்றிய பேச்சுக்கு நடுவில் பல்லவன் போகிற போக்கில் ஒன்று எழுதியிருந்தார்: "டி-ரெக்ஸுக்கு உதடு வைப்பது இப்போதைய மோஸ்தர். முதலை மாதிரி பல் வெளியே தெரிந்ததுதான் உண்மை." இதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசே ஆறவில்லை. 15 வருடமாகக் களிமண்ணில் டைனோசர் செய்கிறேன். பல் தெரியச் செய்த தலைகளை எல்லாம் உடைத்து, வாயோரம் மூடித் திரும்பச் செய்தவன் நான். மோஸ்தருக்காக எவனும் தன் வேலையைத் தானே உடைக்க மாட்டான்.

2023-இல் தாமஸ் கல்லன், மார்க் விட்டன் உள்ளிட்டோர் சயன்ஸ் இதழில் எழுதிய கட்டுரையைப் படியுங்கள். டி-ரெக்ஸின் நெருங்கிய சொந்தமான டாஸ்ப்ளிட்டோசாரஸின் பல்லை அறுத்து, அலிகேட்டர் முதலையின் பல்லோடு ஒப்பிட்டார்கள். முதலைப் பல்லில் வெளிப்பக்க எனாமல் (பல்லை மூடியிருக்கும் கடினமான மேல்பூச்சு) தேய்ந்திருக்கிறது. டாஸ்ப்ளிட்டோசாரஸ் பல்லில் உள்ளும் புறமும் எனாமல் ஒரே கனம். உதடு மூடி ஈரமாக வைக்காமல் காற்றில் காய்ந்துகொண்டே நின்ற பல் அப்படி இருக்காது.

பல்லவன்:
தம்பி, ஒரு பல்லை அறுத்துவிட்டு மொத்தக் குலத்துக்கும் உதடு ஒட்டுவதா? டைனோசருக்கு இன்று உயிரோடிருக்கும் நெருங்கிய உறவு இரண்டுதான், பறவையும் முதலையும். இரண்டுக்கும் உதடு கிடையாது. ஓணானும் உடும்பும் தூரத்துச் சொந்தம். 2017-இல் தாமஸ் கார் குழுவினர் டாஸ்ப்ளிட்டோசாரஸ் ஹார்னரி என்ற இனத்தின் முக எலும்பில் உள்ள சொரசொரப்பைப் பார்த்து, முதலைக்கு இருப்பது போன்ற தட்டைச் செதில்தான், உதடு இல்லை என்று எழுதினார்கள். நீங்கள் சொன்ன அதே டாஸ்ப்ளிட்டோசாரஸ்! அதை ஏன் மறைத்தீர்கள்?

நடுநிலை:
முதலில் உதடு என்று எதைச் சொல்கிறீர்கள்? நம்முடையது போல் தசை உள்ளதா, பல்லி வாயோரத்துச் செதில் மடிப்பா? இதைத் தெளிவாக்கினால் பாதிச் சண்டை முடிந்துவிடும்.

களிமண்:
எதையும் மறைக்கவில்லை. எனாமலுக்கு ஒரு வரிகூடப் பதில் சொல்லாமல் நழுவுவது நீங்கள்தான். அப்புறம், என்னைத் தம்பி என்று கூப்பிட வேண்டாம்.

எங்கள் கூரை ஓட்டில் செத்துக் கிடந்த ஓணான் தலையை எறும்பு சுத்தமாக அரித்து வைத்திருந்தது. இப்போதும் என் மேசையில்தான் இருக்கிறது. தாடையை மூடிப் பிடித்தால் பல் வரிசை முழுக்கத் தெரிகிறது. உயிரோடு வேலியில் உட்கார்ந்திருக்கும் ஓணானிடம் ஒரு பல்லையாவது பார்த்திருக்கிறீர்களா? எலும்பை மட்டும் வைத்து வரைந்தால் ஓணானுக்கும் முதலை வாய்தான் வரும். பல்லுக்கு மேலே, தாடை விளிம்பை ஒட்டி, ஊசியால் குத்தியது போல் வரிசையாகத் துளைகள் இருக்கின்றன. நரம்பும் ரத்தக் குழாயும் வாயோரச் சதைக்குப் போன வழி அது. டி-ரெக்ஸ் தாடையிலும் அப்படி விளிம்பை ஒட்டித்தான் வரிசை. முதலைக்கோ முகமெல்லாம் சிதறிக் கிடக்கும்.

முள்வேலி:
எங்கள் தோட்டத்துக்கு வரும் காட்டுப்பன்றிக்குக் கோரைப்பல் வெளியேதான் நீட்டிக்கொண்டிருக்கிறது. அது காய்ந்தா போய்விட்டது?

பல்லவன்:
அப்படிக் கேளுங்கள்! இதற்கு என்ன பதில்?

களிமண்:
பன்றியின் கோரைப்பல் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருப்பது. தேய்ந்தாலும் பின்னாலிருந்து வந்துகொண்டே இருக்கும். டி-ரெக்ஸ் பல் அப்படி இல்லை. விழும், புதிதாக முளைக்கும். பெரிய பல் ஒன்று உருவாக ஏறக்குறைய இரண்டு வருடம் ஆகும். தேய்ந்தால் தேய்ந்ததுதான். எனாமலுக்குப் பதில் சொல்லுங்கள்.

பல்லவன்:
வேரோடு சேர்த்து 30 செ.மீ. நீளம் வரும் பல்லை எந்த உதடு மூடும்? கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள்.

களிமண்:
அதில் பெரும்பகுதி வேர். தாடைக்குள் புதைந்திருப்பது. அந்த 2023 கட்டுரையில் அதையும் அளந்துதான் எழுதியிருக்கிறார்கள். நியூ கினித் தீவின் முதலை உடும்புக்கு, மண்டை ஓட்டின் நீளத்தோடு பார்த்தால், டி-ரெக்ஸ் அளவுக்குப் பெரிய பல். வாயை மூடினால் ஒன்றுகூடத் தெரியாது. எனாமல்?

பல்லவன்:
மறுபடியும் உடும்பு! நெருங்கிய உறவு முதலை ஐயா, முதலை. இதே களிமண்தான், 2012-இல் சீனாவில் டி-ரெக்ஸின் சொந்தமான யூடிரானஸ் இறகோடு கிடைத்த செய்தி வந்ததும் டி-ரெக்ஸ் உடம்பு முழுக்க இறகு குத்தினார். 2017-இல் டி-ரெக்ஸின் செதில் தோல் பற்றிக் கட்டுரை வந்ததும் எல்லாவற்றையும் பிடுங்கினார். அந்தப் பொம்மையை விலை கொடுத்து வாங்கியவன் நான். இன்னும் என் அலமாரியில் கோழிக்குஞ்சு போல நிற்கிறது.

களிமண்:
ஆமாம், பிடுங்கினேன். கழுத்து, இடுப்பு, வால் என்று துண்டு துண்டாகக் கிடைத்த தோலில் செதில் இருந்தால் பிடுங்கத்தான் வேண்டும். 1825-இல் இக்வனோடான் என்ற தாவர உண்ணி டைனோசருக்குப் பெயர் வைத்த மாண்டெல், அதன் கூரான எலும்பை மூக்கின் மேல் வைத்து வரைந்தார். 1878-இல் பெல்ஜியத்தின் பெர்னிஸ்ஸார் சுரங்கத்தில் முழு எலும்புக்கூடுகள் கிடைத்த பிறகுதான் அது கட்டைவிரல் என்று தெரிந்தது. கொம்பு மூக்கிலேயே இருக்கட்டும் என்று விட்டிருந்தால் உங்களுக்குத் திருப்தியா? பொம்மையைத் திருப்பி அனுப்புங்கள், மாற்றித் தருகிறேன் என்று அன்றைக்கே சொன்னேன். நீங்கள்தான் அனுப்பவில்லை.

அரியலூரான்:
எல்லோரும் அமெரிக்கா, சீனா என்றே பேசுகிறீர்களே. எங்கள் அரியலூர்ப் பக்கம் கல்லமேட்டில் கிடைத்த ப்ருஹத்காயோசாரஸ் என்ற டைனோசரை ஒருவராவது சொன்னீர்களா? முதலில் மாமிசம் தின்னி என்று எழுதி, பிறகு நீள்கழுத்துத் தாவர உண்ணி என்று மாற்றினார்கள். எலும்பு பொடிந்தே போய்விட்டது. அதன் உருவத்தை யார் வரைவது?

நடுநிலை:
உதடு என்றால் என்ன என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.

களிமண்:
அரியலூரான், அதற்குத் தனியாகப் பேசுவோம். பொடிந்த எலும்புக்கு நான் எந்த உருவமும் செய்ய மாட்டேன், அது நியாயமில்லை. இங்கே பேச்சு எனாமல் பற்றி. பல்லவன் இன்னும் வாயைத் திறக்கவில்லை.

பல்லவன்:
திறந்தால் என் பல்லையும் எண்ணுவீர்கள். நாளைக்கு முதலைப் பண்ணைக்குப் போகிறேன். வாயை மூடிக்கொண்டு கரையில் படுத்திருக்கும் முதலையைப் படமெடுத்து இங்கே போடுகிறேன்.

களிமண்:
தாராளமாகப் போடுங்கள். பாதிப் பொழுது தண்ணீரில் கிடக்கிற பிராணி அது, பல் காய அதற்கு நேரம் ஏது? ஓணான் தலையை இன்று ராத்திரியே நான்கு பக்கமும் படமெடுத்துப் போடுகிறேன். அந்தத் துளை வரிசையை எண்ணிப் பார்த்துவிட்டு வாருங்கள்.

பல்லவன்:
முதலைதான் உறவு, தம்பி.