படத்திறப்பு அழைப்பிதழில் ஒரு திருத்தம்

குழு: அப்பாயி வீட்டுப் பிள்ளைகள்

நான்: நம் அப்பாயியின் பதினாறாம் நாள் படத்திறப்பு அழைப்பிதழுக்காக எழுதிய வரியை இங்கே இடுகிறேன். “1959ஆம் ஆண்டு அரிசி ஆலை தொடங்கிய கணவருக்கு உறுதுணையாக நின்று குடும்பத்தைக் கட்டிக்காத்தவர்.” கும்பகோணத்து அச்சகத்தில் மாலைக்குள் கேட்கிறார்கள். பிழை இருந்தால் சொல்லுங்கள்.

மன்னார்குடி அத்தை: இரண்டு பிழைகள் இருக்கின்றன. ஆண்டு தவறு. ‘உறுதுணை’ என்பது அதைவிடப் பெரிய தவறு.

திருச்சி சித்தப்பா: அக்கா, உரிமத்தாளில் 1959 என்றுதானே இருக்கிறது? நானே பத்திரமாக வைத்திருக்கிறேன்.

மன்னார்குடி அத்தை: தாளில் இருக்கலாம். மேட்டூர் அணை திறந்த 1934இல் பிறந்த அம்மா, எதையும் ஆண்டு சொல்லிக் கணக்கிட்டதில்லை. “புயலுக்கு முன்”, “புயலுக்குப் பின்” என்றுதான் சொல்வாள். 1952 நவம்பர் 30ஆம் தேதி அடித்த புயலில் நம் வீட்டுக் கூரை பறந்து, சேர் என்கிற நெற்குதிரில் கொட்டி வைத்திருந்த குறுவை நெல் முழுவதும் நனைந்துவிட்டது. முளைவிட்டால் மாட்டுக்குத்தான் ஆகும் என்று அப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது, எப்படியும் ஊறிய நெல்தானே, அவித்துவிடலாம் என்று சொன்னவள் பதினெட்டு வயது அம்மா. கல்யாணத்துக்கு வாங்கிய அண்டாக்களை வைத்து மூன்று நாள் இரவும் பகலும் அவித்துக் காயவைத்து, புழுங்கலரிசியாக விற்றார்கள். அந்தப் பணத்தோடு அவளுடைய இரட்டைவடச் சங்கிலியையும் அடகு வைத்துத்தான் எண்ணெய் எஞ்சினும், நெல்லை அரிசியாக்கும் ஹல்லர் இயந்திரமும் வந்தன. புயலுக்கு இரண்டாம் ஆண்டு பொங்கலுக்கு முன்பே எஞ்சின் ஓடியது என்பாள்.

கோவைத் தங்கை: சங்கிலி திரும்பி வந்ததா அத்தை?

மன்னார்குடி அத்தை: அதை நான் கேட்டபோதெல்லாம் பேச்சை மாற்றிவிடுவாள்.

திருச்சி சித்தப்பா: இப்போதுதான் எனக்கு விளங்குகிறது. அரிசி ஆலைகளுக்கு உரிமம் வேண்டும் என்ற சட்டம் 1958இல் வந்தது. அதுவரை ஓடிக்கொண்டிருந்த ஆலைகளும் அதன்படி உரிமம் பெற வேண்டியிருந்தது. அந்தத் தாளின் தேதியை ஆலை பிறந்த தேதி என்று ஐம்பது ஆண்டுகளாக எல்லோரிடமும் நான் சொல்லி வந்திருக்கிறேன். அம்மா ஒரு முறைகூட மறுத்துப் பேசவில்லையே.

நான்: களத்து வேலையைப் பற்றி அப்பாயி பேசியதைப் போன தை மாதம் கைப்பேசியில் பதிவு செய்து வைத்திருக்கிறேன். அவித்த நெல்லைப் பரப்பி, காலால் துழாவி, நண்பகலில் குவித்து வியர்க்கவிட்டு, மறுபடியும் பரப்ப வேண்டும். பல்லில் கடித்தால் சத்தத்தோடு ஒடிய வேண்டும். அதற்குமேல் காய்ந்தால் ஹல்லரில் பாதி நொய்யாகிவிடும் என்கிறார். தாத்தாவுக்கு முப்பது வயதிலேயே கடைவாய்ப் பல் போய்விட்டதால், எந்த நெல் ஹல்லருக்குப் போகலாம் என்ற முடிவு கடைசி வரை தன்னுடையதாகவே இருந்தது என்று சொல்லிச் சிரிக்கிறார்.

திருச்சி சித்தப்பா: ஆடுதுறை 27 என்ற நெல் ரகம் வந்த பிறகு அந்தப் பல்லுக்கு இன்னும் வேலை கூடியது. குறுவை அறுவடை ஐப்பசி மழையில் மாட்டிக்கொள்ளும். களத்துக்கு வரும் மூட்டையைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும். இந்த ஈர நெல் சிக்கலுக்காகவே 1967இல் திருவாரூரில் ஓர் ஆராய்ச்சி மையம் தொடங்கினார்கள். அதுதான் பிறகு தஞ்சாவூருக்கு வந்தது. ஈர நெல் கெடாமலிருக்க உப்பையும் உமியையும் கலக்கலாம் என்று அவர்கள் சொன்ன செய்தியைக் கேட்டுவிட்டு, “நெல்லுக்கு ஊறுகாய் போடச் சொல்கிறார்களா?” என்று அம்மா கேட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆனால் அந்த வருடமே, யாருக்கும் சொல்லாமல், ஒரு மூட்டையில் போட்டுப் பார்த்தாள்.

கோவைத் தங்கை: என்ன ஆயிற்று சித்தப்பா?

திருச்சி சித்தப்பா: நெல் கெடவில்லை. தவிட்டைத்தான் மாடு முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துகொண்டது.

கோவைத் தங்கை: எனக்கு அவர் சொல்லிக் கொடுத்தது கணக்கு. பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம், இரண்டு கலம் ஒரு மூட்டை என்று விரல் மடக்கி எண்ணுவார். கிலோ வந்த பிறகும் கூலி நெல்லை மரக்காலால்தான் அளந்தாராம். தராசை ஏமாற்றலாம், குவித்து அளந்த மரக்காலை நாற்று நடும் பெண்கள் கண்ணாலேயே சரிபார்த்துவிடுவார்கள் என்பது அவர் சொன்ன காரணம்.

மன்னார்குடி அத்தை: இத்தனைக்கும் பிறகு ‘உறுதுணை’ என்று அச்சடிக்கப் போகிறீர்களா?

நான்: மாற்றிவிட்டேன் அத்தை. “1952 புயலில் நனைந்த நெல்லை அவித்து, அதிலிருந்து அரிசி ஆலையைத் தம் கணவருடன் சேர்ந்து தொடங்கி, களத்தையும் கணக்கையும் நடத்தியவர்.” இது சரிதானா?

மன்னார்குடி அத்தை: ‘தம் கணவருடன் சேர்ந்து’ என்பதில் எனக்கு ஐயம் உண்டு. ஆனால் அப்பாவின் படமும் பக்கத்தில் மாட்டியிருக்குமே, போகட்டும். சங்கிலியையும் சேர்த்துவிடு.

திருச்சி சித்தப்பா: சங்கிலி வேண்டாம் அக்கா. அது மீளவில்லை. அடகுச் சீட்டு உரிமத்தாளோடு என்னிடம்தான் இருக்கிறது.