வேதாளம் வீட்டுக்கு வருகிறது, யோசனை சொல்லுங்கள்

வணக்கம். எங்கள் வீடு கிருஷ்ணகிரியில். அக்டோபர் 31 மாலை, பேய் வேஷம் கட்டிக் கொண்டாடும் மேல்நாட்டு விழாவான ஹாலோவீன் கொண்டாட வேண்டும் என்று நாலாம் வகுப்பு படிக்கும் என் மகள் கேட்கிறாள். ஆறு முதல் பத்து வயது வரை 12 பிள்ளைகள் வருவார்கள். பிளாஸ்டிக் முகமூடி வேண்டாம், படித்த கதையில் வரும் ஒருவராக வேஷம் கட்டி வாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

விக்கிரமாதித்தன் வேதாளம்தான் நடுநாயகம். வேதாளம் கதை சொல்லும், கடைசியில் கேள்வி கேட்கும், பதில் வந்ததும் மறுபடி முருங்கை மரம் ஏறிவிடும். பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல விளையாட்டு ஏது? பின்கட்டில் முருங்கை மரமே இருக்கிறது! கிளை லேசில் முறியும் என்பதால் யாரையும் ஏற விட மாட்டேன், துணி வேதாளத்தைத் தொங்கவிடுவேன். ஆனால் அந்த 25 கதைகளில் பல பெரியவர்களுக்கானவை. சின்னப் பிள்ளைகளுக்கு ஏற்ற இரண்டு மூன்று கதைகளைச் சொல்வீர்களா? எனக்கு முக்கியமாக வேண்டியது இதுதான்.

அப்புறம் ஹாலோவீனுக்கு வைக்கும் விளக்கு. அயர்லாந்தில் டர்னிப் கிழங்கைக் குடைந்துதான் விளக்கு செய்தார்கள், அமெரிக்கா போன பிறகே பரங்கிக்காய் வந்தது. நம் சந்தைப் பரங்கிக்காயை முந்தின நாளே குடைந்து வைத்தால் தாங்குமா? உள்ளே மெழுகுவர்த்தி வேண்டாம், பேட்டரி விளக்குதான்.

ஒரு குழந்தைக்கு இருட்டென்றால் பயம். அவளும் சிரித்துக்கொண்டே வீடு போக வேண்டும். அதற்கும் வழி சொல்லுங்கள்.