கொலையே இல்லாத துப்பறியும் கதை: போட்ஸ்வானா நாவல்கள் ஏன் இப்படி இழுக்கின்றன?

பக்கம்புரட்டி

துப்பறியும் கதை என்றால் முதல் அத்தியாயத்திலேயே ஒரு பிணமாவது விழ வேண்டும், கடைசி வரை யார் மேலும் நம்பிக்கை வரக்கூடாது. இப்படியே படித்துப் பழகியவன் நான். சமீபத்தில் அலெக்ஸாண்டர் மெக்கால் ஸ்மித்தின் 'தி நம்பர் ஒன் லேடீஸ் டிடெக்டிவ் ஏஜென்சி' கையில் கிடைத்தது. 1998-ல் வந்த புத்தகம், போட்ஸ்வானாவின் தலைநகர் காபரோனியில் நடக்கிறது. பிரஷியஸ் ரமோட்ஸ்வே என்ற பெண்மணி, க்காலே குன்றின் அடிவாரத்தில் ஒரு துப்பறியும் அலுவலகம் திறக்கிறார். சொத்து என்று பார்த்தால் இரண்டு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு தொலைபேசி, ஒரு பழைய டைப்ரைட்டர், அப்புறம் ஒரு தேநீர்க் கெண்டி, மூன்று கோப்பை. ஒன்று அவருக்கு, ஒன்று செக்ரட்டரிக்கு, ஒன்று வருகிற வாடிக்கையாளருக்கு.

பல வழக்குகளில் விடை என்னவாக இருக்கும் என்று எனக்கு முன்பே தெரிந்துவிட்டது. ஆனாலும் கீழே வைக்க முடியாமல் முடித்துவிட்டு இரண்டாவது புத்தகத்தையும் ஆரம்பித்துவிட்டேன். புதிரே இல்லாத கதை எப்படி இப்படிப் பிடித்து உட்கார வைக்கிறது என்பது எனக்குப் பிடிபடவில்லை.

கூடவே ஓர் உறுத்தலும் இருக்கிறது. எழுதியவர் ஸ்காட்லாந்தில் வாழும் வெள்ளைக்காரர். ஆப்பிரிக்கா என்றாலே பஞ்சம், துப்பாக்கி என்று எழுதுகிறவர்கள் ஒரு பக்கம். இவர் எல்லாவற்றுக்கும் மேல் தேன் தடவித் தருகிறாரோ என்று சந்தேகம். படித்தவர்கள் சொல்லுங்கள், முடிவுகளை உடைத்தாலும் கவலையில்லை.

நூலகப்பூனை

புதிர் இருக்கிறது, நீங்கள் தேடுகிற இடத்தில் இல்லை, அவ்வளவுதான். மற்ற கதைகளில் யார் செய்தது என்று தெரிந்ததும் கடையைக் கட்டிவிடலாம், மிச்சத்தைப் போலீஸ் பார்த்துக்கொள்ளும். இங்கே விடை பாதியிலேயே தெரிந்துவிடும், அதற்கப்புறம்தான் ரமோட்ஸ்வேவுக்கு வேலையே ஆரம்பிக்கும். தெரிந்துகொண்டதை யாரிடம் சொல்வது, எவ்வளவு சொல்வது, சொன்னால் யார் வீடு இடியும்?

முதல் புத்தகத்தில் வரும் திருட்டு பென்ஸ் காரையே எடுத்துக்கொள்ளுங்கள். புருஷன் வீட்டுக்குக் கொண்டுவந்தது திருட்டு வண்டி என்று மனைவிக்குத் தெரிந்துவிடுகிறது. வண்டி உரியவரிடம் போய்ச் சேர வேண்டும், ஆனால் புருஷன் ஜெயிலுக்குப் போகக்கூடாது, தான்தான் சொன்னேன் என்று அவருக்குத் தெரியவும் கூடாது. இந்த மூன்றும் சேர்ந்து நடக்க வேண்டும். யார் திருடியது என்ற கேள்விக்கு இதில் இடமே இல்லை பாருங்கள். மெக்கானிக் மாட்டெகோனியைக் கூட்டிக்கொண்டு ரமோட்ஸ்வே என்ன செய்கிறார்? திருட்டு வண்டியை இவர்களே திருடுகிறார்கள்! சட்டப்படி பார்த்தால் மகா தப்பு. படிக்கிற நமக்கு 'அப்பாடா' என்றிருக்கிறது.

இரண்டாவது புத்தகத்தில் கசாப்புக் கடைக்காரர் வழக்கு வரும், நீங்கள் இன்னும் அதுவரை போயிருக்கமாட்டீர்கள் என்று நினைக்கிறேன். மனைவி எங்கே போய் வருகிறாள் என்று தெரிய வேண்டும் என்பார். ரமோட்ஸ்வேவின் செக்ரட்டரி மக்கூட்சி துப்பறிந்து கண்டுபிடித்துவிடுவார்: மனைவிக்கு இன்னொருவருடன் தொடர்பு. இந்தக் கடைக்காரர் உயிராக வளர்க்கும் பையனுக்கு உண்மையான தகப்பனும் அந்த ஆள்தான். பையனுடைய பெரிய பள்ளிக்கூடத்துக்குப் பணம் கட்டுவதும் அதே ஆள்தான். இப்போது காசு கொடுத்த வாடிக்கையாளரிடம் உண்மையைச் சொல்ல வேண்டியது கடமை. சொன்னால் பையன் படிப்பு போச்சு, குடும்பம் போச்சு. ரமோட்ஸ்வேவும் மக்கூட்சியும் உட்கார்ந்து இதை விவாதிக்கிற பகுதி எனக்கு எந்தக் கத்திக்குத்தை விடவும் பதைப்பாக இருந்தது. எப்படிச் சொன்னார்கள் என்பதை நான் சொல்லமாட்டேன், போய்ப் படியுங்கள்.

மெக்கால் ஸ்மித்தின் பிழைப்பு என்ன என்று பார்த்தால் இது ஆச்சரியமில்லை. மனிதர் எடின்பரோவில் மருத்துவச் சட்டப் பேராசிரியராக இருந்தவர். நோயாளியிடம் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்பது போன்ற கேள்விகளிலேயே காலம் தள்ளியவர்.

சும்மாஒருவன்

எனக்கு இந்த வரிசை ஒத்துவரவில்லை. முதல் இரண்டு மூன்று நன்றாக இருந்தன, மறுக்கவில்லை. அப்புறம் பார்த்தால் அதே ரூயிபோஸ் டீ, அதே குட்டி வெள்ளை வேன், மக்கூட்சி செயலாளர் கல்லூரியில் வாங்கிய அதே 97 சதவீதம், அனாதை இல்லத்து மா பொட்டொக்வானி கேக் கொடுத்தே காரியம் சாதிப்பது. இருபதுக்கும் மேல் புத்தகங்கள் வந்துவிட்டன, மனுஷன் வருஷத்துக்கு ஒன்று போடுகிறார். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் யாராவது டீ போட்டுக்கொண்டிருக்கிறார்கள். துப்பறிய எப்போது நேரம் என்று தெரியவில்லை.

கெட்டவர்களும் பெரிதாகக் கெட்டவர்கள் கிடையாது. ஒரு வார்த்தை கண்டித்துப் பேசினால் தலையைக் குனிந்துகொண்டு திருந்திவிடுகிறார்கள். இந்த உலகத்தில் எங்கே அப்படி நடக்கிறது?

தென்திசைக்காற்று

சும்மாஒருவன் சொல்கிற டீ விஷயத்தில் எனக்கும் கொஞ்சம் உடன்பாடுதான், ஏழெட்டுக்கு அப்புறம் நானும் விட்டுவிட்டேன். ஆனால் கெட்டதே இல்லை என்பது சரியில்லை. ரமோட்ஸ்வேவின் முதல் கணவன் நோட் மொகோட்டி ட்ரம்பெட் வாசிக்கிறவன், அவரை அடித்து நொறுக்குகிறான். பிறந்த குழந்தை சில நாளில் இறந்துபோகிறது. அப்பா ஓபெட் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்து, நுரையீரலில் தூசி ஏறிச் சாகிறார். சாகும்போது மாடுகளை விற்று ஏதாவது தொழில் தொடங்கு, கசாப்புக் கடையோ சாராயக் கடையோ வை என்கிறார். மகள் துப்பறியும் நிறுவனம் தொடங்கப் போகிறேன் என்றதும் அவருக்குக் கண்கள் அகல விரிகின்றன, 'ஆனால்...' என்று இழுத்தபடியே உயிர் போய்விடுகிறது. சிரிப்பதா அழுவதா என்று தெரியாத இடம் அது. இந்த வரிசையின் மொத்த ருசியும் எனக்கு அந்தக் காட்சியில் இருக்கிறது.

ஓபெட் மாதிரி ஆட்கள் கற்பனை இல்லை. பெச்சுவானாலாந்து என்ற பெயரில் பிரிட்டிஷ் பாதுகாப்பில் இருந்த காலத்தில் அங்கே ஆண்களுக்குக் கூலி வேலை என்றால் பெரும்பாலும் எல்லை தாண்டிய சுரங்கங்கள்தான். 1966 செப்டம்பர் 30-ல் சுதந்திரம் வந்தபோது உலகத்தின் பரம ஏழை நாடுகளில் அதுவும் ஒன்று. மறு வருஷமே ஓராபாவில் வைரம் கண்டுபிடிக்கப்பட்டது. வைரம் கிடைத்த எத்தனையோ நாடுகள் அதை வைத்தே நாசமாகியிருக்கின்றன. இங்கே முதல் ஜனாதிபதி செரெட்ஸே காமாவும் அடுத்து வந்தவர்களும் அந்தப் பணத்தைச் சாலைக்கும் பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் திருப்பினார்கள், தேர்தலும் ஒழுங்காக நடந்துகொண்டே வந்தது. ரமோட்ஸ்வே தன் நாட்டைப் பற்றிப் பெருமைப்படுகிற பக்கங்கள் வெளிநாட்டு வாசகருக்கு ஜோடனையாகத் தெரியலாம். ஓபெட் தலைமுறையின் பிள்ளைக்கு அது சும்மா வரவில்லை.

இனி அந்தத் தேன் தடவுகிற சந்தேகத்துக்கு வருகிறேன், அது நியாயமான சந்தேகம். மெக்கால் ஸ்மித் 1948-ல் புலவாயோவில், இப்போதைய ஜிம்பாப்வேயில் பிறந்தவர். போட்ஸ்வானா பல்கலைக்கழகத்தில் சட்டம் கற்பித்திருக்கிறார், அந்த நாட்டுக் குற்றவியல் சட்டத்தைப் பற்றிய புத்தகத்துக்கு அவர் இணை ஆசிரியர். ஊர் தெரியாதவர் இல்லை. ஆனால் இந்த வரிசை தொடங்கின காலத்தில் அங்கே வயது வந்தவர்களில் குறைந்தது நான்கில் ஒருவருக்கு எச்.ஐ.வி. இருந்தது. அரசு 2002-ல் இலவசமாக மருந்து கொடுக்க ஆரம்பித்த பிறகுதான் நிலைமை மெல்ல மாறியது. கதையில் மக்கூட்சியின் சகோதரர் நோய்வாய்ப்பட்டுச் சாகிறார், அனாதை இல்லம் நிரம்பி வழிகிறது, நோய்க்கு மட்டும் பெயர் வராது. தெரிந்தே விட்ட இடைவெளி அது. அந்த ஊர் ஆட்களே அந்தப் பெயரை உரக்கச் சொல்லத் தயங்கிய காலம் என்பதால் எனக்கு அது உறுத்தவில்லை. உறுத்துகிறது என்று ஒருவர் சொன்னால் சண்டை போடவும் மாட்டேன்.

பக்கம்புரட்டி

அருமை. அந்த ஊர்க்காரர்களே எழுதிய துப்பறியும் கதை ஏதாவது இருக்கிறதா? பக்கத்தில் வைத்துப் படித்துப் பார்த்தால் விளங்கும் போலிருக்கிறது.

தென்திசைக்காற்று

இருக்கிறது. யூனிட்டி டவ் என்பவர் எழுதிய 'தி ஸ்க்ரீமிங் ஆஃப் தி இன்னசன்ட்', 2002. இவர் யார் என்றால் போட்ஸ்வானா உயர் நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி. ரமோட்ஸ்வேவின் முதல் புத்தகம் வந்த அதே 1998-ல்தான் நியமிக்கப்பட்டார். அதற்கு முன்பே, வெளிநாட்டவரைக் கட்டிக்கொண்ட பெண்ணின் குழந்தைகளுக்கு அம்மா வழியில் குடியுரிமை கிடையாது என்ற சட்டத்தை எதிர்த்துத் தானே வழக்குப் போட்டு, 1992-ல் மேல்முறையீட்டிலும் ஜெயித்தவர்.

நாவல் ஒரு சிறுமி காணாமல் போவதில் ஆரம்பிக்கிறது. மந்திர மருந்துக்காக மனித உடலுறுப்பு எடுக்கும் கொலை. ஊரில் மரியாதையாக நடமாடுகிற பெரிய மனிதர்கள் சேர்ந்து செய்தது, போலீஸ் மூடி மறைக்கிறது, சில வருஷம் கழித்துச் சுகாதார நிலையத்துக்கு வேலைக்கு வந்த ஓர் இளம்பெண் கையில் ஆதாரப் பெட்டி சிக்குகிறது. துப்பறிதல் என்று பார்த்தால் கச்சிதமான கதை. மென்மை என்று தேடினால் மருந்துக்குக்கூடக் கிடைக்காது. கடைசிப் பக்கம் படித்துவிட்டு நான் வெகுநேரம் தூங்கவில்லை.

கவனித்தீர்களா, ரமோட்ஸ்வேவின் முதல் புத்தகத்திலும் இதே விஷயம் இருக்கிறது. ஒரு வாத்தியாரின் பையன் காணாமல் போகிறான், ஒரு செல்வாக்கான ஆளின் காரில் எலும்பு உள்ள சின்னப் பை கிடைக்கிறது. மெக்கால் ஸ்மித் அந்தக் கதவைத் திறந்து காட்டிவிட்டு, பையனை உயிரோடு திருப்பிக் கொடுத்துவிடுகிறார். டவ் கொடுப்பதில்லை. ஒரே பயத்தைத் தொட்ட இரண்டு புத்தகங்கள் இப்படிப் பிரிந்து போவதைப் பார்க்கிறபோது, மென்மை என்பது அறியாமையால் வந்தது இல்லை, இவர் வேண்டுமென்றே எடுத்த முடிவு என்று எனக்குத் தோன்றியது.

நூலகப்பூனை

நல்ல ஜோடி. நான் சேர்த்து வைக்க நினைத்ததும் டவ்தான்.

பட்டியலுக்கு இன்னும் இரண்டு. ரொம்ப மென்மையும் வேண்டாம், தூக்கம் கெடவும் வேண்டாம் என்றால் மைக்கேல் ஸ்டான்லி. அந்தப் பெயரில் எழுதுவது இரண்டு பேர். போட்ஸ்வானா சி.ஐ.டி.யில் இருக்கும் 'குபு' பெங்கு என்ற கனத்த ஆள்தான் நாயகன், நல்ல சாப்பாட்டுப் பிரியர். முதல் நாவல் 2008-ல் வந்தது. கழுதைப்புலி தின்று மிச்சம் வைத்த உடலிலிருந்து விசாரணை ஆரம்பிக்கும், சும்மாஒருவனுக்குப் பிடிக்கலாம். 2011-ல் வந்த 'டெத் ஆஃப் தி மேன்டிஸ்' கலஹாரிப் பாலைவனத்தின் பூர்வகுடிகளான புஷ்மன் மக்களைப் பற்றியது. அவர்களை மத்திய கலஹாரி காப்பகத்திலிருந்து வெளியேற்றிய விவகாரம் நிஜத்தில் பெரிய வழக்கானது. 2006-ல் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. அந்த மூன்று நீதிபதிகளில் ஒருவர் இதே யூனிட்டி டவ்.

இன்னொன்று எல்லைக்கு அந்தப் பக்கம், தென்னாப்பிரிக்காவின் க்ளைன் கரூ வறண்ட பூமியில் நடக்கும் சாலி ஆண்ட்ரூவின் டான்னி மரியா கதைகள். 2015-ல் தொடங்கியது. உள்ளூர் பத்திரிகையில் சமையல் குறிப்பு எழுதிக்கொண்டிருந்த விதவை, இனிமேல் காதல் ஆலோசனைப் பகுதி எழுது என்று சொல்லப்பட்டதும், கடிதத்துக்குப் பதிலோடு ஒரு சமையல் குறிப்பும் சேர்த்து எழுத ஆரம்பிக்கிறார். புருஷனிடம் அடிவாங்கும் ஒரு பெண் கடிதம் போடுகிறாள், கொஞ்ச நாளில் அவள் கொல்லப்படுகிறாள். மரியாவும் அப்படி அடிவாங்கியவர்தான். மேலே இனிப்பாகத் தெரியும், உள்ளே காரம். ரமோட்ஸ்வேவையும் நோட் மொகோட்டியையும் நினைத்துக்கொண்டு படித்தால் இன்னும் நன்றாக இருக்கும்.

சும்மாஒருவன்

கழுதைப்புலி என்றதும் ஆர்வம் வந்துவிட்டது, அதையே எடுக்கிறேன்.

முன்னால் ஒன்றைச் சொல்ல விட்டுப்போயிற்று. முதல் புத்தகத்தில் முதலை வரும் இடம் மட்டும் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒரு கிறிஸ்தவக் குழுவில் சேர்ந்த புருஷன் ஆற்றில் ஞானஸ்நானம் எடுக்கப் போனவர் திரும்பவில்லை. ரமோட்ஸ்வே ஒரு நாயைக் கரையில் கட்டிவைத்துவிட்டு, அப்பாவின் பழைய துப்பாக்கியோடு உட்கார்ந்து, வந்த முதலையைச் சுட்டு, வயிற்றைக் கிழித்து அந்த ஆளின் கைக்கடிகாரத்தை எடுக்கிறார். டீ குடிக்கிற அம்மாவுக்கு இவ்வளவு துணிச்சலா! அந்த மாதிரி இன்னும் நாலு வைத்திருந்தால் நான் இருபது புத்தகமும் படித்திருப்பேன்.

வெயில்காலம்

தாமதமாக வருகிறேன். இந்த வரிசை டி.வி. தொடராகவும் வந்தது, யாரும் சொல்லவில்லையே. 2008-ல் பி.பி.சி.யில் முதல் படம், 2009-ல் ஆறு பகுதிகள். ஜில் ஸ்காட் ரமோட்ஸ்வேவாக நடித்தார், மக்கூட்சியாக வந்த அனிகா நோனி ரோஸ் அதைவிட ஒரு படி மேல். ஸ்டூடியோவில் ஒப்பேற்றாமல் போட்ஸ்வானாவிலேயே எடுத்தார்கள், க்காலே குன்றடியில் செட் போட்டு. முதல் படத்தை இயக்கிய ஆன்டனி மிங்கெல்லா அது ஒளிபரப்பாவதற்குச் சில நாள் முன்னால் இறந்துபோனார், அத்தோடு அந்த ஒரு சீசன்தான்.

புத்தகத்தை வரிசையாகப் படிக்க வேண்டுமா என்று கேட்பீர்கள். முதல் மூன்றை வரிசையாகப் படியுங்கள், மாட்டெகோனிக்கும் ரமோட்ஸ்வேவுக்கும் நிச்சயம் ஆவது, மக்கூட்சி துணைத் துப்பறிவாளராக உயர்வது எல்லாம் அங்கேதான். மற்றதை எங்கே கிடைத்தாலும் எடுக்கலாம்.