மகரக்கட்டு உடைந்த பிறகு

கணக்கு வாத்தியார், சாலிகிராமம்:
1990களின் நடுவில் வீட்டில் டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தேன். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் படப்பிடிப்பிலிருந்து நேராக வருவான். காதுக்குப் பின்னால் மேக்கப் அப்படியே ஒட்டியிருக்கும். குழந்தை நட்சத்திரம்; டைட்டிலில் பெயருக்கு முன்னால் 'மாஸ்டர்' போட்டு வந்தவன். ஒரே வருடத்தில் அரை அடி வளர்ந்தான், குரலும் உடைந்தது. கம்பெனி கார் வருவது நின்றுபோயிற்று. பள்ளியில் சலுகை கொடுத்தே தேற்றிவிட்டிருந்ததால் அவனுக்குப் பின்னக் கணக்குக்கூடத் தெரியாது. ஒருநாள் பாடத்துக்கு நடுவே, "மீசை எப்போது சார் வரும்?" என்று கேட்டான். மீசை வந்தால் மறுபடி கூப்பிடுவார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

பத்து வருடம் கழித்து ஒரு டிராவல்ஸ் கவுண்டரில் உட்கார்ந்திருந்தான். டிக்கெட் எடுக்க வந்தவர் அடையாளம் கண்டுகொண்டு, சின்ன வயதில் படத்தில் பேசிய வசனத்தைச் சொல்லச் சொன்னார். சொன்னான், மழலைக் குரலிலேயே. நான் சுவரில் இருந்த பஸ் நேரங்களைப் படித்துக்கொண்டு நின்றேன்.

நாடகக்காரர் பேரன், மதுரை:
வாத்தியார் ஐயா, இது என் தாத்தா கதையும்தான். சிறுவர்களை வைத்தே நாடகம் போடும் பாய்ஸ் கம்பெனியில் பெண் வேடம் கட்டியவர். பையனுக்குக் குரல் உடைந்தால் 'மகரக்கட்டு உடைந்துவிட்டது' என்பார்கள் அங்கே. பாட்டு போனால் வேடமும் போய்விடும். தாத்தா திரை இழுக்கப் போனார், அப்படியே ஹார்மோனியத்தில் கைவைத்துப் பழகிக்கொண்டார், கடைசிவரை அதுதான் சோறு போட்டது.

'களத்தூர் கண்ணம்மா'வுக்காகக் (1960) குடியரசுத் தலைவரின் பதக்கம் வாங்கிய கமல்ஹாசனுக்கே இடைவெளி இருந்ததே. டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழு, பிறகு நடன இயக்குநர் தங்கப்பன் மாஸ்டரிடம் உதவியாளர் வேலை. வளர்ந்தபின் சொல்லிக்கொள்ளும்படியான வேடம் 1973இல், 'அரங்கேற்றம்' படத்தில்தான். அந்த இடைவெளியில் கையில் ஒரு தொழில் இருந்ததா இல்லையா என்பதைத்தான் நான் பார்ப்பேன். திறமையைப் பற்றிப் பேசுவது எனக்கு அலுத்துவிட்டது.

ஒரு காலத்து 'பேபி':
பையன்களை மீசைக்காகக் காக்க வைக்கிறார்கள். 'பேபி' என்று பெயர் போட்டு நடித்த எங்களைப் போன்ற பெண் பிள்ளைகளை யாரும் காக்க வைப்பதில்லை, அதுதான் தொல்லையே. 1969இல் 'துணைவன்' படத்தில் குட்டி முருகனாக வந்த ஸ்ரீதேவி, 1976இல் 'மூன்று முடிச்சு' படத்தில் ரஜினிகாந்தின் சித்தியாக நடித்தபோது வயது 13. எல்லோரும் இதைச் சாதனையாகச் சொல்கிறார்கள். எனக்கு அந்தக் கணக்கைப் போடும்போதெல்லாம் வயிற்றைப் பிசைகிறது.

நான் அவ்வளவு பெரிய ஆளெல்லாம் இல்லை. இரண்டு தொடர், நான்கு விளம்பரம். எனக்கு 14 வயதானபோது, சேலை கட்டிப் படம் எடுத்து ஆல்பமாகக் கொண்டுவரச் சொன்னார் ஒரு மேனேஜர். "அவளுக்கு நாளைக்குப் பரீட்சை" என்று சொல்லி அம்மா போனை வைத்துவிட்டார். பரீட்சை எதுவும் இல்லை. மூன்று வருடம் அம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை நான்.

வங்கி ஊழியர், கோடம்பாக்கம் பக்கம்:
2017இல் வந்த விதிகளின்படி குழந்தை நடிகர்களை ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது. வருமானத்தில் குறைந்தது 20 சதவீதத்தை தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் அவர்கள் பெயரில் வைப்புத்தொகையாகப் போட வேண்டும். எத்தனை பேர் போடுகிறார்களோ! சென்ற ஆண்டு ஒரு பையன் 18 வயது முடிந்து அப்படிப்பட்ட ரசீதோடு வந்தான். டிப்ளமோ சேரப் பணம் வேண்டுமாம். நடித்த படத்தின் பெயரைச் சொன்னான். பார்த்ததில்லை என்று சங்கடத்தோடு ஒப்புக்கொண்டேன்.

"பரவாயில்லை சார்," என்று சிரித்தான், "எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?"