புவிவெப்ப வரைபடம்: வெந்நீர் ஊற்றுகளைச் சுற்றி மட்டும் சிவப்பு விழுகிறது, எதை மாற்றலாம்?

கேள்வி – வரைபடக்காரன்

நிலத்தடி வெப்பத்தை ஆற்றலாக எடுக்க ஏற்ற இடங்களைத் தேட, கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஐந்து அடுக்குகளைக் கூட்டியிருக்கிறேன்; ஏற்ற இடம் சிவப்பாக வரும்: வெந்நீர் ஊற்றுகள், லேண்ட்சாட் 8 செயற்கைக்கோள் தரும் தரை வெப்பநிலை, சுடுநீரால் மாறிய பாறை, பிளவுக்கோடுகள், வெப்பப் பாய்வு (பூமிக்குள்ளிருந்து மேலே வரும் வெப்பம்). அடுக்குகளை இரண்டிரண்டாக ஒப்பிடும் ஏஹெச்பி முறையில் எடை கொடுத்தேன், இசைவு விகிதம் 0.06. ஆனாலும் ஊற்றைச் சுற்றிய வட்டங்களே மேலே வருகின்றன.

பதில் – பாறைமொழி

இசைவு விகிதம் 0.1-க்குக் கீழ் இருந்தால் உங்கள் ஒப்பீடுகள் தங்களுக்குள் முரண்படவில்லை, அவ்வளவுதான். எடை சரி என்று அது சொல்லாது. முதல் மூன்று அடுக்குகளும் ஒரே சாட்சியை மூன்று முறை கூண்டில் ஏற்றுகின்றன: சுடுநீர் மேலே வந்திருக்கிறது. மூன்றையும் ஒன்றாக்குங்கள்.

பிறகு வெப்பம், ஊடுருவுதிறன் (பாறை வழியே நீர் ஓடும் வசதி), மூடுபாறை (சுடுநீரை மேலே தப்பவிடாமல் மூடும் பாறை) என 0–1 அளவில் மூன்று வரைபடங்கள் செய்து, கூட்டாமல் பெருக்குங்கள். நீர் ஓட வழியில்லாத சூடான பாறை, கூட்டலில் நல்ல மதிப்பெண் வாங்கிவிடும்; பெருக்கலில் வாங்காது. ஆனால் தரவே இல்லாத இடத்துக்கு 0 போடாதீர்கள், அந்த இடமே அழிந்துபோகும்.

ஊற்றைச் சுற்றி வட்டம் போடுவதும் வீண். ஆழத்திலிருந்து எழும் நீர் பக்கவாட்டில் சில கிலோமீட்டர் ஓடிய பிறகும் வெளிவரலாம். ஊற்று நீரின் சிலிக்கா அளவிலிருந்து ஆழத்து வெப்பநிலையைக் கணக்கிட்டு அதை மதிப்பாகக் கொடுங்கள். குளிர்நீர் கலந்திருந்தால் இது குறைத்தே காட்டும்.

பதில் – இரவுப்படம்

லேண்ட்சாட் 8-இன் வெப்பப் பட்டையில் ஒரு படப்புள்ளி உண்மையில் 100 மீட்டர். 30 மீட்டராக மாற்றித் தருகிறார்கள். பகல் படத்தில் வெயில் பட்ட சரிவும் கரும்பாறையும்தான் சூடாகத் தெரியும். ஆஸ்டர் என்ற செயற்கைக்கோள் கருவியின் இரவுப் படங்களை எடுங்கள், 90 மீட்டர். கண்டப் பகுதிகளில் பூமியின் வெப்பப் பாய்வு சராசரியாகச் சதுர மீட்டருக்கு 0.065 வாட் அளவுதான். வெயிலோ நூற்றுக்கணக்கான வாட். ஆகவே நீரோ நீராவியோ தரையை எட்டாத புவிவெப்பக் களத்தைச் செயற்கைக்கோள் பார்க்காது.

பிளவுக்கோடுகள் எல்லாவற்றுக்கும் ஒரே மதிப்பு வேண்டாம். அவை முடியும் முனை, குறுக்கிடும் இடம், ஒன்று விட்டு அடுத்தது தொடங்கும் இடைவெளி ஆகியவற்றுக்கு அதிகம் கொடுங்கள். விரிசல்கள் அங்கேதான் திறந்திருக்கும். தூரம் கணக்கிடுமுன், மீட்டரில் அளக்கும் யூடிஎம் ஆயமுறைக்கு மாற்றினீர்களா?

வரைபடக்காரன்

இல்லை, டிகிரியிலேயே இருக்கிறது. வெப்பப் பாய்வுக்கு எண்ணெய்க் கிணறுகளின் அடிமட்ட வெப்பநிலையை எடுத்தேன்.

பதில் – பாறைமொழி

துளையிடும் சேறு கிணற்றைக் குளிர்வித்திருக்கும், அந்த எண்கள் உண்மையைவிடக் குறைவு. ஒரே ஆழத்தில் வெவ்வேறு நேரத்து அளவீடுகள் இருந்தால் கிணறு மீண்டும் சூடாகும் போக்கிலிருந்து உண்மை வெப்பநிலையைக் கணிக்கும் ஹார்னர் திருத்தம் செய்யுங்கள். ஒற்றை அளவீடு மட்டும் உள்ள கிணறுகளுக்குத் தனி நிறம் கொடுத்து வையுங்கள். கடைசியாக, தெரிந்த களங்களில் சிலவற்றை மறைத்துவிட்டு வரைபடத்தை மறுபடி ஓட்டுங்கள். மறைத்தவை மேலே வராவிட்டால் அடுத்த கட்டமான காந்தமின் ஆய்வுக்கு (நிலத்தடிப் பாறையின் மின்தடையை அளப்பது) பணம் கேட்காதீர்கள்.